காசு போட்டவன் பங்காளியா, ஏமாளியா?

துடியலூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். தகப்பனார் பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மகன் என்ஜினீயரிங் படித்துவிட்டுச் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வீடியோ கேம் என்றால் அவருக்கு உயிர். சில வருஷங்களுக்கு முன்பு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, "நாங்கள் ஒரு புதிய ஆட்டம் செய்யப் போகிறோம்; பெரிய முதலாளிகளிடம் கையேந்த விரும்பவில்லை; ரசிகர்களாகிய நீங்களே பணம் கொடுங்கள்; ஆட்டத்தை நாம் எல்லோரும் சேர்ந்து உருவாக்குவோம்" என்று இன்டர்நெட் மூலம் அறைகூவல் விடுத்தது. இவர் மூவாயிரம் ரூபாய் அனுப்பினார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

பணம் மட்டுமா கொடுத்தார்? அரைகுறையாக வந்த ஆட்டத்தை இரவு இரவாக ஆடிப் பார்த்தார். எங்கே இடறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். "எங்கள் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்" என்று பதில் கடிதம் வந்தது. பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. குடும்பத்தில் ஒருவரான இவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்ணா, காசு போட்டது நாங்க. ஆடிப் பாத்துக் கோளாறு சொன்னது நாங்க. எங்களைக் கேக்காம எப்படீங்ணா விக்கலாம்?"

இதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அவருக்குக் கிடைத்த பதில் என்ன? "நீங்கள் கொடுத்தது ஷேர் அல்ல, ஆதரவு. நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்!"

விளையாட்டுச் சமாச்சாரம்தானே என்று வாசகர்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது. சாதாரண ஜனங்களின் பணத்தைத் திரட்டி, சாதாரண ஜனங்களின் உழைப்பையும் கூலியில்லாமல் வாங்கி, கடைசியில் சொத்தை மட்டும் ஒரு சிலர் பெயரில் எழுதிக் கொள்ளும் ஒரு புதிய ஏற்பாடு நம் கண் முன்னே வளர்ந்து நிற்கிறது. அதற்கு 'ஜனநாயகம்' என்று பெயர் சூட்டி மார்தட்டுகிறார்கள். அந்தப் பசப்பைத்தான் அம்பலப்படுத்த வேண்டியிருக்கிறது.

யார் பணம்? யார் சொத்து?

'கிரவுட் ஃபண்டிங்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். ஊர்கூடிப் பணம் திரட்டுவது என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவில் 2009ல் தோன்றிய 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற ஸ்தாபனம் இதற்குப் பெரிய சந்தை. குறித்த தொகை சேர்ந்தால் பணம் தயாரிப்பாளருக்குப் போகும். கிக்ஸ்டார்ட்டர் 100க்கு 5 வீதம் தரகு எடுத்துக் கொள்ளும். பணம் கொடுத்தவருக்கு ஆட்டத்தின் ஒரு பிரதி கிடைக்கும். கூடக் கொடுத்தால் ஒரு சட்டை, ஒரு படப் புத்தகம், ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர் வரிசையில் ஒரு பெயர். லாபத்தில் பங்கு இல்லை. நிர்வாகத்தில் ஓட்டு இல்லை. கணக்குக் கேட்க உரிமை இல்லை.

2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபர் என்பவரின் 'டபிள் ஃபைன்' கம்பெனி 4 லட்சம் டாலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் குவித்தார்கள். கேட்டதைப்போல் எட்டு மடங்கு! ஆனாலும் பணம் போதவில்லை என்றார்கள். ஆட்டத்தை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014லும் மறு பாதியை 2015லும் வெளியிட்டார்கள். அதோடு போயிற்றா? 2019ல் மைக்ரோசாஃப்ட் என்ற ஏகபோகக் கம்பெனி டபிள் ஃபைனை வாங்கிக்கொண்டது. முதலாளிகளிடம் கையேந்தாமல் ஆட்டம் செய்வதற்கென்று 87,000 பேர் கொடுத்த காசில் பெயரும் புகழும் பெற்ற ஸ்தாபனம், உலகத்திலேயே பெரிய முதலாளிகளில் ஒருவரின் சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்தது.

இதையும் மிஞ்சியது 'ஆக்குலஸ்' கதை. வீடியோ கேம் ஆடுவோர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. 2012 ஆகஸ்டில் 9,522 பேர் சேர்ந்து சுமார் 24 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணமும், அந்த ஜனங்களின் ஆரவாரமும்தான் கம்பெனியை உலகறியச் செய்தன. அதற்குப் பிறகு, 2013ல், முதலீட்டு முதலாளிகள் வந்தார்கள். ஜூன் மாதம் 160 லட்சம் டாலர். டிசம்பரில் 750 லட்சம் டாலர். 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் கம்பெனி ஆக்குலஸை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் வந்தவர்கள் சாதாரண ஜனங்கள். யாரும் நம்பாதபோது நம்பியவர்கள் அவர்கள். நஷ்டம் வந்தால் முழுவதும் இழந்திருப்பவர்களும் அவர்கள்தான். பின்னால் வந்தவர்கள் பணக்காரர்கள். வெற்றி உறுதியான பிறகு வந்தவர்கள். விற்பனையில் லாபம் யாருக்குப் போயிற்று? பின்னால் வந்தவர்களுக்கு! ஏனென்றால் அவர்கள் கையில் ஷேர் பத்திரம் இருந்தது. முன்னால் வந்தவர்கள் கையில் இருந்தது ரசீது. எதிர்ப்பு கிளம்பியதும், 2016ல் பழைய ஆதரவாளர்களுக்குப் புதிய கருவி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. திரண்ட பணத்தைப்போல் எண்ணூறு மடங்குக்குக் கம்பெனி விலை போயிற்று. ஜனங்களுக்கு ஒரு கண்ணாடி!

நம் கொங்கு நாட்டில் கன்றுக்குட்டியை வாரத்துக்கு விடுவது உண்டு. கன்று வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். மாடு விலை போனால் இருவருக்கும் பங்கு உண்டு. எழுத்தறியாத கிழவிக்கும் இந்த நியாயம் தெரியும். கன்று வாங்கக் காசு கொடுத்தவளுக்கு மாட்டின் படம் போட்ட ஒரு துணிப்பையைக் கொடுத்து, "அம்மணி, உன் பேரை மாட்டுக் கொட்டாயில் எழுதி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் அந்தக் கிழவி சும்மா விடுவாளா?

ஜனங்களா, சந்தை நிலவரமா?

செக் நாட்டில் 'கிங்டம் கம்' என்ற ஆட்டத்தைச் செய்தவர்களுக்குப் பணம் கொடுக்க ஒரு கோடீஸ்வரர் தயாராக இருந்தார். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: இந்த ஆட்டத்தை வாங்க ஆள் உண்டு என்று முதலில் நிரூபித்துக் காட்டுங்கள்! 2014ல் கிக்ஸ்டார்ட்டரில் 11 லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. ஆள் உண்டு என்பது நிரூபணமாயிற்று. முதலாளியின் பணமும் வந்தது. ஆட்டம் 2018ல் வெளிவந்தது. நல்ல ஆட்டம்தான், மறுக்கவில்லை. 2019ல் கம்பெனி 3 கோடி யூரோவுக்கு மேல் விலை போயிற்று.

ஆயிரக்கணக்கான ஜனங்கள் தங்கள் கைப்பணத்தைச் செலவழித்து, ஒரு கோடீஸ்வரருக்காகச் சந்தை நிலவரம் விசாரித்துக் கொடுத்தார்கள். வழக்கமாக முதலாளி கூலி கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலை இது. இங்கே கூலியும் இல்லை. செய்தவர்களே காசும் கொடுத்தார்கள்.

'பங்கேற்பு' என்னும் பம்மாத்து

"பணத்தை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? ஆட்டத்தை உருவாக்குவதிலேயே ஜனங்களைச் சேர்த்துக் கொள்கிறோமே, அபிப்பிராயம் கேட்கிறோமே, ஓட்டெடுப்பு நடத்துகிறோமே!" என்கிறார்கள்.

எதற்கு ஓட்டெடுப்பு? ஜப்பானில் 'மைட்டி நம்பர் 9' என்ற ஆட்டத்துக்கு 2013ல் 38 லட்சம் டாலர் திரண்டது. ஆட்டத்தில் வரும் ஒரு பெண் பாத்திரத்தின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஆதரவாளர்கள் ஆவலோடு போட்டார்கள். ஆனால் வெளியீட்டுத் தேதி மறுபடியும் மறுபடியும் தள்ளிப்போயிற்றே, அதற்கு ஓட்டு உண்டா? பணம் எதில் செலவாயிற்று என்று கேட்க ஓட்டு உண்டா? கிடையாது! 2016 ஜூனில் ஆட்டம் வெளிவந்தபோது, காத்திருந்தவர்களே ஏமாற்றத்தில் வைதார்கள். பொம்மையின் தொப்பிக்கு ஓட்டு. பெட்டிச் சாவிக்கு ஓட்டு இல்லை. இதுதான் இவர்களுடைய ஜனநாயகம்!

'ஷென்மூ 3' என்ற ஆட்டத்துக்கு 69,000 பேருக்கு மேல் பணம் கொடுத்தார்கள். ஒரு கடை மூலம் ஆட்டம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 2019ல் வேறொரு பெரிய கடையோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கேதான் தருவோம் என்றார்கள். பெரும் கூச்சல் எழுந்த பிறகே பணத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தார்கள். கூச்சல் போட்டதால் கிடைத்தது, கேட்டுக்கொண்டதால் அல்ல. இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பங்கேற்பின் இன்னொரு முகம் இன்னும் கொடியது. ஆட்டம் முடியாத நிலையிலேயே அதை ஜனங்களிடம் கொடுத்து, ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சொல்கிறார்கள். டீக்கடை இளைஞர் இரவெல்லாம் விழித்துச் செய்தது இதைத்தான். இது விளையாட்டா? இல்லை, வேலை! இந்த வேலையைச் செய்யவென்றே தொழிலாளிகள் இருக்கிறார்கள். சோதனையாளர் என்று பெயர். ஒரே கதவை நூறு தடவை திறந்து, ஒரே சுவரில் நூறு தடவை மோதி, எந்த இடத்தில் ஆட்டம் உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். இந்தத் தொழிலில் மிகக் குறைந்த சம்பளம் அவர்களுக்குத்தான். முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்கள்தான். காசும் கொடுத்து வேலையும் செய்ய ஆயிரம் பேர் வரிசையில் நின்றால், சம்பளம் கேட்கிற சோதனையாளருக்கு என்ன மரியாதை இருக்கும்?

நம் இளைஞர் அறியாமலேயே இன்னொரு தொழிலாளியின் கூலியை இறக்கியிருக்கிறார். இது அவர் குற்றமல்ல. அவருடைய ஆர்வத்தை ஆயுதமாக்கி, ஆட்டம் ஆடுகிறவனையும் ஆட்டம் செய்கிறவனையும் மோதவிட்ட ஏற்பாட்டின் குற்றம்.

அந்தத் தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 'ரேவன் சாஃப்ட்வேர்' கம்பெனியின் சோதனையாளர்கள் 2022 மே மாதம் ஓட்டெடுப்பில் வென்று சங்கம் அமைத்தார்கள். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான 'ஜெனிமேக்ஸ்' கம்பெனியின் சுமார் 300 சோதனையாளர்கள் சங்கம் கண்டார்கள். கிக்ஸ்டார்ட்டர் ஊழியர்களே 2020 பிப்ரவரியில் 46க்கு 37 என்ற ஓட்டில் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். 'எல்லோரும் ஒரே குடும்பம்' என்று பாடம் சொன்ன ஸ்தாபனத்திலேயே, குடும்பப் பாட்டு வயிற்றை நிரப்பாது என்று ஊழியர்கள் கண்டுகொண்டார்கள்! ஆனால் ஒன்று: 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் வீடியோ கேம் பிரிவில் 1,900 பேரை ஒரே வீச்சில் வெளியேற்றியது. ஜனங்கள் காசு போட்டு வளர்த்த கம்பெனிகள் போய்ச் சேருகிற வீட்டின் லட்சணம் இது.

"விரும்பித்தானே கொடுத்தான்?"

எதிர்த்தரப்பார் மூன்று வாதங்களைச் சொல்கிறார்கள். மூன்றையும் பார்ப்போம்.

முதல் வாதம்: யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பித்தானே கொடுத்தான்? உண்மைதான். 2012ல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடியானவனைப் பார்த்து, "பேராசைப்பட்டாய், அனுபவி" என்றார்கள். ஆனாலும் அங்கே ஒரு சட்டம் இருந்தது. டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. வழக்குப் போட முடிந்தது. இங்கே அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. வட்டி தருகிறேன் என்று சொல்லவில்லை; ஆகவே டெபாசிட் இல்லை. பங்கு தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆகவே ஷேர் இல்லை. எந்தக் கண்ணியிலும் சிக்காதபடி வலையை நெய்திருக்கிறார்கள். ஈமு மோசடியையும் இதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அது சட்டத்தை மீறியது. இது சட்டம் பார்க்காத சந்தில் நடப்பது.

இரண்டாவது வாதம்: ஆயிரம் பேரைக் கேட்டு ஆட்டம் செய்ய முடியுமா? கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா? வேண்டும்! ஆட்டத்தில் அரக்கன் எங்கே நிற்க வேண்டும் என்று எண்பதாயிரம் பேர் தீர்மானிக்க வேண்டியதில்லை. அதை அந்தத் தொழில் தெரிந்தவர்கள் செய்யட்டும். பாலம் கட்டும்போது எந்தக் கம்பி எங்கே என்று ஊர்க்காரர்கள் சொல்வதில்லை. ஆனால் கணக்கு எங்கே என்று கேட்கிறார்கள், பாலத்தைத் தனியாருக்கு விற்காதே என்கிறார்கள். இவர்களோ தலைகீழாகச் செய்கிறார்கள். தொழில் தெரிந்தவனிடம் விடவேண்டிய விஷயத்தில் ஜனங்களின் கருத்தைக் கேட்கிறார்கள். ஜனங்கள் தீர்மானிக்கவேண்டிய விஷயத்தில் கதவைச் சாத்திக் கொள்கிறார்கள்.

மூன்றாவது வாதம்: நல்லவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் 'லேரியன்' கம்பெனி 2013ல் ஜனங்களிடம் பணம் திரட்டி, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2014ல் 'டிவினிட்டி' ஆட்டத்தை ஒழுங்காகக் கொடுத்தது. டபிள் ஃபைன் கம்பெனிகூட, தன் வேலை நடக்கும் விதத்தை, பணத் தட்டுப்பாடு உள்படப் படம் பிடித்து ஆதரவாளர்களுக்குக் காட்டியது. பாராட்டுகிறோம். ஆனால் நல்ல பண்ணையார் இருந்தார் என்பதற்காகப் பண்ணை முறை நல்லதாகிவிடுமா? உரிமை என்பது ஒருவருடைய நல்ல மனசில் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கு உரிமை என்று பெயரில்லை.

நம் வீட்டுப் பாடம்

ஊர்கூடிப் பணம் திரட்டுவதை அமெரிக்காக்காரன் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, மூலதனம் 10 லட்சம் ரூபாய்; ரூ.25 வீதம் 40,000 ஷேர்கள். காசு போட்டவர் கையில் ஷேர் பத்திரம் இருந்தது. வெள்ளைக்காரன் 1908ல் வ.உ.சி.யைத் தண்டித்து, நம் கோவைச் சிறையில் அடைத்துச் செக்கிழுக்க வைத்தான். 1911ல் கம்பெனி கலைந்தது. எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டார்களோ, அந்தக் கம்பெனிக்கே 'காலியா' கப்பல் விலை போயிற்று. ஷேர் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அதைக் காத்து நிற்க ஒன்றுபட்ட பலமும் வேண்டும் என்பது அந்தக் கப்பல் நமக்குச் சொல்லிப்போன பாடம்.

1976ல் குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து 'மந்தன்' என்ற சினிமாவை எடுக்க வைத்தார்கள். ஷியாம் பெனகல் டைரக்ட் செய்தார். கதையும் அவர்களுடைய கதை; பால் சங்கம் கட்டிய கதை. மாட்டுக்கார ஜனங்கள் லாரி லாரியாக வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள். அந்த 2 ரூபாய்க்குப் பின்னால் அவர்களுக்குச் சொந்தமான ஒரு ஸ்தாபனம் இருந்தது. ஒரு பசு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு, பத்துப் பசு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு என்ற விதி இருந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? துடியலூரிலேயே 'டியூகாஸ்' இருக்கிறது. உரம், பூச்சி மருந்து, விவசாயக் கருவிகள் வாங்க நம் குடியானவர்கள் ஏறி இறங்கும் கூட்டுறவுச் சங்கம். டீக்கடை இளைஞரின் தாத்தா காலத்தவர்கள் பங்குப் பணம் கட்டி அங்கத்தினர்களானவர்கள். ஓர் அங்கத்தினருக்கு ஒரு ஓட்டு. வருஷா வருஷம் மகாசபை. எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பேரன் கையில் உலகத்தையே காட்டும் போன் இருக்கிறது. தாத்தாவுக்கு இருந்த உரிமையில் கால்வாசி அவருக்கு இல்லை! முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்களா?

கூட்டுறவில் குறையே இல்லை என்று நாம் பூசி மெழுகவில்லை. தேர்தல் நடத்தாமல், தனி அதிகாரிகளின் கையில் சங்கங்களை வருஷக்கணக்காக விட்டுவைத்த சர்க்கார்களை நாடு பார்த்திருக்கிறது. மிராசுதார்களும் கட்சிக்காரர்களும் சங்கங்களைத் தங்கள் திண்ணையாக்கிக் கொண்டதும் உண்டு. அதற்கு மருந்து உரிமையைப் பயன்படுத்துவது; உரிமையே இல்லாத இடத்துக்குக் குடிபோவது அல்ல.

என்ன செய்ய வேண்டும்?

இந்தத் தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு எதிராக நாம் பேசவில்லை. புனாவில் சில இளைஞர்கள் 'ராஜி' என்ற ஆட்டத்தைச் செய்யப் புறப்பட்டு, 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டார்கள், தொகை சேரவில்லை. பெரும் பாடுபட்டு 2020ல் வெளியிட்டு உலகத்தின் பாராட்டைப் பெற்றார்கள். தோட்டத்துப் பத்திரம் கொண்டுபோனால் பாங்கு கடன் கொடுக்கும். மூளையில் இருக்கும் ஆட்டத்துக்கு எந்தப் பாங்கு கடன் கொடுக்கும்? ஆகவே ஊர்ப்பணம் திரட்டும் வழி அவர்களுக்கு வேண்டும். ஆனால் அது நேர்மையான வழியாக இருக்க வேண்டும்.

சர்க்கார் இதுவரை செய்தது என்ன? 2014 ஜூனில் 'செபி' ஓர் ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டது. 2016ல், அனுமதியில்லாமல் ஷேர் விற்கும் இணையதளங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கம்பெனிச் சட்டப்படி ஒரு தனியார் கம்பெனியில் 200 அங்கத்தினர்களுக்கு மேல் இருக்க முடியாது. பலன் என்ன? ஜனங்களுக்குப் பங்கு கொடுத்துப் பணம் திரட்டுவதற்குத் தடை; பங்கு கொடுக்காமல் திரட்டுவதற்குத் தடையில்லை! யாருக்குச் சாதகமான சட்டம் இது?

நம் கோரிக்கைகள் எளியவை. ஜனங்களிடம் பணம் திரட்டும் எவரும் வரவு செலவுக் கணக்கைக் குறித்த காலத்தில் பகிரங்கமாக வைக்க வேண்டும். சொன்ன தேதியும் சொன்ன பொருளும் மாறினால், கேட்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கம்பெனி விலை போனால், விதை போட்டவர்களுக்கு விலையில் ஒரு பங்கு சட்டப்படி சேர வேண்டும். ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். ஆதரவாளர்களின் உற்சாகத்தைக் காட்டித் தொழிலாளியை வெளியேற்றக் கூடாது. கணிப்பொறித் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஆடுகிறவர்களையும் செய்கிறவர்களையும் அங்கத்தினர்களாக்கி, ஆளுக்கொரு ஓட்டோடு ஆட்டம் தயாரிக்கச் சர்க்கார் கடனுதவி செய்ய வேண்டும்.

கோரிக்கை எழுதி வைத்தால் கிடைத்துவிடாது என்பது மில் தொழிலாளிகளின் ஊரான கோவைக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீக்கடை இளைஞரைப் போல் காசு போட்டவர்கள் தனித்தனியே புலம்புவதை விட்டு ஒன்றுசேர வேண்டும். சோதனையாளர்களின் சங்கத்தோடு கை கோக்க வேண்டும். அடுத்த தடவை, "எங்கள் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்" என்று கடிதம் வந்தால், அவர் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சந்தோஷம்! குடும்பச் சொத்தில் என் பங்கு எத்தனை?"